நுங்கம்பாக்கத்துத் தூணும் ஒரகடத்துக் கூரையும்

நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழில்தடத்தின் வரலாற்றை விழா மலர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் சொல்கின்றன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ, 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் அதே ஒரகடத்தில் டெய்ம்லரின் லாரி ஆலை. எல்லாம் உண்மை, எல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் இந்த ஆலைகளுக்குள் மணி எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. இந்த மலரில் அதற்குச் சில பக்கங்கள் கிடைத்ததில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி.

ஷிஃப்ட் மாறும்போது நாம் பார்க்கிற சுவர்க் கடிகாரத்தைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. லைனில் இருக்கும் ஒவ்வொரு பிஎல்சி கன்ட்ரோலருக்கும், ஸ்கேனருக்கும், கேமராவுக்கும், ரேக்கில் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் சொந்தமாக ஒரு கடிகாரம் உண்டு. உள்ளே துடிப்பது ஒரு குவார்ட்ஸ் துண்டு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே ஒரு நாளில் அது 86 மில்லிவினாடி தள்ளிப்போகும். சாதாரணக் கம்ப்யூட்டர் போர்டில் இருப்பது பத்து பங்குகூடப் பிசகும். அப்படியானால் நாளுக்கு முக்கால் வினாடிக்கு மேல் போய்விடும். பெயின்ட் ஷாப்பின் சூட்டில் ஒரு மாதிரி ஓடும், ஏசி போட்ட சர்வர் அறையில் வேறு மாதிரி ஓடும்.

இதன் விளைவை லாக் ஃபைலைத் திறந்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஸ்டேஷன் 14-ல் இருக்கிற கன்ட்ரோலர் 10:42:07.310-க்கு ஒரு செய்தியை அனுப்பியதாகப் பதிந்திருக்கும். சர்வரோ அதே செய்தி 10:42:07.265-க்கு வந்து சேர்ந்ததாகப் பதிந்திருக்கும். அனுப்புவதற்கு 45 மில்லிவினாடி முன்பே வந்துவிட்டது! தாமதம் கழித்தல் குறியில் வந்தால் தவறு கடிகாரத்தில் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆபத்து அதில் இல்லை. கூட்டல் குறியில், நம்பும்படியான அளவில், 30 அல்லது 40 மில்லிவினாடி என்று வருகிறதே, அதில்தான் இருக்கிறது. அது சுவிட்ச்சில் வரிசை நின்றதால் வந்த தாமதமா, இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே இருக்கும் பிசகா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. ஒரு வழித் தாமதத்தை அளக்க வேண்டுமானால் இரு முனையிலும் மணி ஒன்றாக இருக்க வேண்டும். மணியை ஒன்றாக்கச் செய்தி அனுப்பினால், அந்தச் செய்தியே தாமதமாகிறது. ஒன்றைத் தெரிந்துகொள்ள மற்றது வேண்டும்.

இந்தச் சிக்கல் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. இந்தியாவில் அதை முதலில் கையில் எடுத்த ஊர்களில் ஒன்று சென்னை.

1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி வில்லியம் பெட்ரி எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வு நிலையம் அமைத்தார். 1792-ல் அது கம்பெனியின் நிலையமாக நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. முன்னின்று கட்டியவர் மைக்கேல் டாப்பிங். இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு வேரான சர்வே பள்ளியை 1794-ல் தொடங்கியவரும் அவர்தான். நம் தடத்தின் பொறியாளர்களில் பலர் படித்த கல்லூரியும் நாட்டின் நேரத்தை முதலில் பிடித்துவைத்த கட்டடமும் ஒரே மனிதரின் கையிலிருந்து வந்தவை. நிலையத்தின் நடுவே கருவியைத் தாங்க நட்ட கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. பார்க்காதவர்கள் ஒருமுறை அனுமதி வாங்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

கருவிக்கு அத்தனை கனமான தூண் எதற்கு? தொலைநோக்கி அசையக் கூடாது. ஒரு விண்மீன் தெற்கு வடக்கான உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைப் பிடிப்பதுதான் நேரம் பார்க்கும் வழி. கண்ணருகே மெல்லிய இழைகள், காதில் கடிகாரத்தின் டிக் டிக். விண்மீன் ஓர் இழையைத் தாண்டும்போது, அது இந்த டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் இடையே எத்தனை பங்கில் தாண்டியது என்று மனத்தால் பிரித்து எழுத வேண்டும். பழகிய கை வினாடியின் பத்தில் ஒரு பங்கைப் பிடிக்கும். இரவுக்கு இரவு இதைச் செய்தவர்களில் சிந்தாமணி ரகுநாதாச்சாரியின் பெயர் தனியாகச் சொல்லத் தக்கது. 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டறிந்தவர் அவர். நிலையத்தின் முதல் உதவியாளராக உயர்ந்தவர். கண்ணால் பார்த்ததோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக உழைத்தவர். விண்மீனைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவதும் பஞ்சாங்கத்தைத் திருத்துவதும் அவருக்கு ஒரே வேலையாகத்தான் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நம் சிக்கலுக்கு வருவோம். சென்னையின் மணியும் கிரீன்விச்சின் மணியும் எவ்வளவு வேறுபடுகின்றன? தந்திக் கம்பி இல்லாத காலத்தில் இதற்கு ஒரு வழி, வியாழனின் நிலாக்கள். ஒரு நிலா வியாழனின் நிழலுக்குள் மறையும் கணம் சென்னைக்கும் லண்டனுக்கும் ஒன்றே. இரு இடத்திலும் அந்தக் கணத்தில் உள்ளூர் மணி என்ன என்று குறித்துவைத்து, பல மாதம் கழித்துக் கப்பலில் தாள் வந்த பிறகு ஒப்பிடலாம். தாள் எத்தனை மாதம் தாமதமாக வந்தாலும் கணக்கு கெடாது, ஏனென்றால் இரு தரப்புக்கும் பொதுவான சாட்சி வானத்தில் இருந்தது. நுங்கம்பாக்கம் நிலையத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் இத்தகைய பார்வைகளிலிருந்து 1802-ல் மதராஸ் நேரத்தைக் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னதாக வகுத்தார்.

தந்தி வந்ததும் முறை மாறியது. 1871 வாக்கில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திவடம் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு நுங்கம்பாக்கம் நிலையத்தின் நார்மன் போக்சனும் பட்டேவியாவிலிருந்த டச்சு வானியலாளர் ஔடமான்ஸும் அந்த வடத்தின் வழியே மணி ஒப்பிட்டுச் சென்னை, சிங்கப்பூர் தீர்க்கரேகை வித்தியாசத்தைக் கண்டார்கள். இந்த வகை அளவீட்டின் உள்ளே இருக்கும் கணக்கைப் பாருங்கள். இங்கிருந்து அங்கே ஒரு குறி போகிறது. அங்கிருந்து இங்கே ஒரு குறி வருகிறது. போகும்போது தாமதம் மணி வித்தியாசத்தோடு கூடும், வரும்போது கழியும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் தாமதம் விழுந்துவிடும், மணி வித்தியாசம் மிஞ்சும். கழித்துப் பாதியாக்கினால் வித்தியாசம் விழுந்து தாமதம் மிஞ்சும். பின்னாளில் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான டேவிட் மில்ஸ், கணினிகளின் மணியை ஒன்றாக்கும் என்டிபி என்ற நெறிமுறையை 1985-ல் வெளியிட்டபோது அதன் அடியில் இருந்ததும் இந்தக் கணக்குதான். இன்று நம் ஒவ்வொரு சர்வரும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை செய்வது அதையே.

கணக்கு எளிதாகத் தெரிந்தாலும், தந்தியில் மணி ஒப்பிடுவது லேசான வேலை இல்லை. இந்தியாவில் சர்வே துறையின் ஹெவிசைடும் கேம்பெல்லும் 1870-களில் ஊர் ஊராகத் தந்தி வழியே தீர்க்கரேகை அளந்தார்கள். ஒருவர் கையும் கண்ணும் இன்னொருவரைவிட வினாடியின் பத்தில் சில பங்கு பிந்தும் என்பதால் அந்த ஆள் பிசகையும் தனியாக அளக்க வேண்டியிருந்தது. 1890-களில் கிரீன்விச், பொட்ஸ்டாம், டெஹ்ரான், கராச்சி வழியாக இந்தியாவுக்குத் தந்திக் கணக்கு முழுதாக வந்து சேர்ந்தது. அப்போது தெரிந்தது என்ன? 1802-ல் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் அடிக்கோடு போட்டதிலிருந்து வளர்ந்த இந்திய சர்வே வரைபடங்கள் ஏற்றுக்கொண்டிருந்த சென்னைத் தீர்க்கரேகை சுமார் 2 கலை 27 விகலை அதிகம். நேரத்தில் அது ஏறக்குறைய 10 வினாடி. தரையில் நாலரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மணியில் 10 வினாடி பிசகினால் நாடே வரைபடத்தில் நாலு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்துவிடும்.

மதராஸ் நேரம் ரயில்வேயின் நேரமாக இந்தியா முழுக்க ஓடியது. கோட்டையில் இரவு 8 மணிக் குண்டு நுங்கம்பாக்கத்துக் கடிகாரத்தின்படி வெடித்தது. 1899-ல் வானியல் பணி கொடைக்கானலுக்குப் போனது. 1906 ஜனவரி 1 முதல் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னதாக இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னையின் பழைய மணி அதைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பின்தங்கியது.

இன்று அந்தத் திட்ட நேரத்தைக் காப்பது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 1950 ஜனவரி 21-ல் திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். சீசியம் அணுக் கடிகாரங்கள், ஹைட்ரஜன் மேசர்கள் என்று அங்கே கடிகாரங்கள் மாறிக்கொண்டே வந்தன. மாறாதது, இரண்டு ஊர் மணிகளை ஒப்பிடுவது எப்படி என்ற பழைய கேள்வி. அந்த ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் 1970-களின் முடிவில் சிம்ஃபனி செயற்கைக்கோள் வழியாக ஜெர்மனியின் அளவியல் நிறுவனத்தோடு இரு வழிக் குறிகளைப் பரிமாறி மணி ஒப்பிட்டார்கள். பிறகு இன்சாட் வழியாக நாட்டுக்கே நேரக்குறி அனுப்பினார்கள். புவிநிலைக் கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் குறி மேலே போய்க் கீழே வர ஏறக்குறைய கால் வினாடி ஆகும். கோள் தன் இடத்தில் சற்றே ஆடுவதால் அந்தக் கால் வினாடியும் மாறும். ஆகவே கோள் இப்போது எங்கே இருக்கிறது என்ற தகவலையும் குறியோடு சேர்த்து அனுப்பினார்கள். வாங்கும் கருவி தாமதத்தைத் தானே கணக்கிட்டுக் கழித்துக்கொண்டது.

இதன் முழு வடிவம்தான் ஜிபிஎஸ். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. தான் எங்கே இருக்கிறது, இப்போது மணி என்ன என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த உயரத்திலும் வேகத்திலும் கடிகாரம் தரையில் இருப்பதைவிட நாளுக்கு 38 மைக்ரோவினாடி வேகமாக ஓடும் என்று ஐன்ஸ்டீனின் கோட்பாடு சொல்கிறது. அதையும் முன்கூட்டியே கழித்துவைத்திருக்கிறார்கள். நான்கு கோள்களின் குறி கிடைத்தால் ரிசீவர் தன் இடத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கண்டுபிடித்துவிடும். கூரையில் அசையாமல் இருக்கும் ஆண்டெனாவுக்கு இடம் ஒருமுறை உறுதியாகிவிட்டால், பிறகு மணி பார்க்க ஒரு கோளே போதும். வினாடிக்கு ஒரு துடிப்பு மின்குறியாக வெளியே வரும். சர்வர் அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு தன் குவார்ட்ஸைத் திருத்திக்கொள்கிறது. அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிசகை 2000 மே 2-ல் நிறுத்தியதும் சாதாரண ரிசீவருக்கும் நூறு நானோவினாடிக்குள் மணி கிடைக்கத் தொடங்கியது.

என்டிபியே பாதியாக்கிக் கணக்கு போடுகிறதே, பிறகு இது எதற்கு என்று கேட்கலாம். பாதியாக்கும் கணக்கு ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: போன வழியும் வந்த வழியும் ஒரே தாமதம். அதிகாலையில் பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர் வருகிறவர், மாலை ஷிஃப்ட் முடிந்து அதே சாலையில் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். போக வர மொத்தம் இரண்டரை மணி என்று சொன்னால் எந்தப் பக்கம் நெரிசல் என்பது தெரியவே தெரியாது. நெட்வொர்க்கிலும் அப்படித்தான். போகும் பாக்கெட் ஒரு ஃபைபரில் 20 மில்லிவினாடியில் போய், வரும் பாக்கெட் வேறு நிறுவனத்தின் சுற்றுப்பாதையில் 60 மில்லிவினாடியில் வந்தால், கணக்கு இரண்டுக்கும் 40 என்று பங்கிட்டுவிடும். கடிகாரம் 20 மில்லிவினாடி தவறாகத் திருத்தப்படும். திருத்தியதாகப் பச்சை விளக்கும் எரியும்.

இந்தியாவில் இந்தச் சமமின்மை ஏட்டுச் சங்கதியாக இருக்கவில்லை. 1986-ல் ஐஐடி மெட்ராஸ் உள்ளிட்ட நிறுவனங்களோடு தொடங்கிய எர்நெட் கல்வி வலையமைப்பு, 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு வந்த விஎஸ்என்எல் இணையம் என்று அன்றைய இணைப்புகளில் தரைவழியும் செயற்கைக்கோள் வழியும் கலந்தே இருந்தன. கோள் வழியே ஒரு தாவல் என்றாலே கால் வினாடி கூடிவிடும். அந்தத் தாவல் ஒரு திசையில் மட்டும் இருந்தால் பாதியாக்கும் கணக்கு எங்கே போய் நிற்கும்?

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சர்வேயர் திட்டமும் ஐரோப்பாவின் ரைப் அமைப்பும் இணையத்தில் ஒரு வழித் தாமதத்தை அளக்கச் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. அளக்கும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் மேலே கூரையில் ஒரு ஜிபிஎஸ் ஆண்டெனா வைத்தார்கள். இரு முனையும் வானத்திலிருந்து மணி வாங்கிக்கொள்ளும். பாக்கெட்டில் அனுப்பிய நேரத்தை எழுதிவிட்டால், வந்து சேர்ந்த பெட்டி தன் மணியிலிருந்து அதைக் கழித்துவிடும். போன தாமதம் தனி, வந்த தாமதம் தனி. 1999-ல் ஆல்மஸ், காலிதிண்டி, ஸெகவுஸ்கஸ் மூவரும் இதற்கான வரையறையை ஆர்எஃப்சி 2679 என்ற இணையத் தர ஆவணமாக எழுதினார்கள். அதில் அவர்கள் மெனக்கெட்டது பாக்கெட்டைவிடக் கடிகாரத்தின் பிழைக்காகவே: அளவோடு அளவின் நிச்சயமின்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். கோல்டிங்காமுக்கு வியாழனின் நிலா எப்படிப் பொதுச் சாட்சியோ, அப்படித்தான் இவர்களுக்கு இந்தக் கோள்கள்.

நம் தடத்துக்கு இதன் அளவுகள் என்ன? ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோவினாடி எடுக்கும். சென்னையிலிருந்து 40 கிலோமீட்டர் ஸ்ரீபெரும்புதூர் என்றால் கண்ணாடிக்குள் 0.2 மில்லிவினாடி, 3,200 கிலோமீட்டர் சிங்கப்பூர் என்றால் 16 மில்லிவினாடி. இதற்கு மேல் வருவதெல்லாம் வரிசை, சுவிட்ச், சுற்றுவழி. ஒரு இணைப்பு நிறுவனம் தரும் தாமத உறுதியைச் சரிபார்க்க வேண்டுமானால் இந்த 0.2-ஐப் பார்க்கிற கடிகாரம் நம்மிடம் இருக்க வேண்டும். ஆலைக்குள் ரோபோக்களின் அசைவை இணைக்கும் நெட்வொர்க்குகளுக்கு மைக்ரோவினாடி தேவை. அதற்காக 2002-ல் வந்து பின்னர் விரிவான பிடிபி என்ற நேர ஒத்திசைவு முறையில் சுவிட்ச்சே தன்னுள் பாக்கெட் நின்ற நேரத்தை எழுதி அனுப்புகிறது. 5ஜி கோபுரங்கள் ஒன்றோடொன்று 3 மைக்ரோவினாடிக்கு மேல் விலகக் கூடாது. தவறினால் ஒன்று கேட்க வேண்டிய நேரத்தில் மற்றது பேசிவிடும்.

மின்சாரத்துக்கும் இது பொருந்தும். 2012 ஜூலை 30, 31-ல் வட இந்தியா இருளில் மூழ்கியபோது எது முதலில் விழுந்தது என்று தேடியவர்களுக்கு, நேரம் ஒத்துவராத பதிவுக் கருவிகள் பெரும் இடைஞ்சலாயின. நம் தென்மண்டலத் தொகுப்பு அன்று தனியாக இருந்ததால் தப்பியது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர், சோலாப்பூர் வழியாக அதுவும் தேசியத் தொகுப்போடு ஒன்றானது. அதிலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஆலை இயங்கும் மின்னோட்டத்தின் துடிப்பும் பஞ்சாபில் ஓடும் துடிப்பும் ஒன்றேதான். அதைக் கண்காணிக்கும் கருவிகள் செயற்கைக்கோள் நேரத்தில்தான் பேசிக்கொள்கின்றன.

ஜிபிஎஸ் இன்னொரு நாட்டின் சொத்து. 2016 ஜனவரி 26-ல் ஒரு பழைய கோளை விலக்கும்போது நேர்ந்த மென்பொருள் தவறால் பல கோள்கள் 13 மைக்ரோவினாடி பிசகான நேரத்தைப் பல மணி நேரம் ஒலிபரப்பின. உலகெங்கும் தொலைத்தொடர்பு அறைகளில் அலாரம் அடித்தது. நமக்கென்று ஒன்று வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 ஜூலை 1-ல் நாவிக் தொகுப்பின் முதல் கோள் ஏறியது. அதிலிருந்த வெளிநாட்டு ரூபிடியம் கடிகாரங்கள் மூன்றும் பழுதாகிப்போனது பெரிய அடி. ஆனால் அந்த அடியிலிருந்துதான் அகமதாபாத்தில் சொந்தமாக ரூபிடியம் கடிகாரம் செய்தார்கள். 2023 மே 29-ல் என்விஎஸ்-01 அதைச் சுமந்து சென்றது. 2025 ஜனவரியில் போன அடுத்த கோள் உரிய பாதையை எட்டவில்லை. வேலை இன்னும் முடியவில்லை. முடிக்க வேண்டிய வேலை.

சட்டமும் நெருங்கி வருகிறது. 2022 ஏப்ரல் 28-ல் இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, நிறுவனங்களின் கணினிக் கடிகாரங்கள் தேசிய தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. 2025 ஜனவரியில் இந்தியத் திட்ட நேரத்துக்கான சட்டமுறை எடையளவு விதிகளின் வரைவு வந்தது. பெங்களூரு உட்பட ஐந்து வட்டார ஆய்வகங்களில் அணுக் கடிகாரம் வைத்து அங்கிருந்து நேரம் வழங்கும் திட்டம் நடக்கிறது. பெங்களூரிலிருந்து நம் வாசலுக்கு ஒரே நெடுஞ்சாலை, அதன் ஓரமாகவே ஃபைபர்.

நம் ஆலைகளின் கூரைகளுக்காகச் சில வேண்டுகோள்கள். ஆண்டெனாவைத் தண்ணீர்த் தொட்டிக்கும் ஏசி டவருக்கும் இடுக்கில் வைக்காதீர்கள். நாலு பக்கமும் வானம் தெரிய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இடிதாங்கியையும் கேபிள் இணைப்பின் நீர்காப்பையும் பாருங்கள். ஜிபிஎஸ் நேரமும் உலக நேரமும் 2017 முதல் 18 வினாடி வித்தியாசத்தில் நிற்கின்றன. ரிசீவர் எதைத் தருகிறது என்று ஒருமுறை சரிபாருங்கள். வருடத்தில் ஒரு நாளாவது ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, குறியில்லாமல் கடிகாரம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பதிந்துவையுங்கள். கேபிளின் நீளத்தை டேப் வைத்தே அளந்துகொள்ளுங்கள்: தாமதம் மீட்டருக்கு 5 நானோவினாடி, 30 மீட்டருக்கு 150. 5ஜியில் ஒரு கோபுரத்துக்கு அனுமதிக்கப்பட்ட 1.5 மைக்ரோவினாடிப் பிசகில் அது பத்தில் ஒரு பங்கு. அந்த எண்ணை ரிசீவரில் ஏற்றி, ரேக் கதவின் உட்பக்கமும் எழுதி ஒட்டுங்கள். அடுத்து வருகிற பொறியாளர் அதைத் தேடுவார்.